தரிப்பிடத்திற்கு உங்கள் பெயரை வைப்பதற்கு முன்

அன்புள்ள முதலாளி,

வரும் மாதம் உங்கள் ஆட்டைத்திவசம். அதை முன்னிட்டு, சந்தியில் கட்டி முடியும் நிலையிலுள்ள பயணிகள் தரிப்பிடத்திற்கு உங்கள் பெயரைச் சூட்டுவதென்று பிரதேச சபை தீர்மானித்திருக்கிறது. திறப்பு விழாவில் உங்கள் நேர்மையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். மறுத்துவிட்டு, அந்தத் தரிப்பிடத்தின் மதிப்பீட்டையும் கொடுப்பனவுச் சிட்டைகளையும் கேட்டுத் தகவல் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். உங்கள் வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. மன்னியுங்கள், ஆனால் கணக்கு வெளியே வராத கட்டடமொன்றில் உங்கள் பெயரைக் காண என்னால் இயலாது.

இதை ஊரவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்: அந்த வேலையில் களவு நடந்ததென்று நான் சொல்லவில்லை. கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்த கையோடு, முதல் மாரியிலேயே உடைந்துபோன மதகின் கணக்கைச் சபையிடம் கேட்க நீங்கள் புறப்பட்டீர்கள். "கொப்பியை மூடிப்போட்டு வா பிள்ளை, உன்ர எழுத்துத்தான் வடிவு" என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். எதற்காக இந்த விபரம் என்று அலுவலர் கேட்டார். காரணம் கேட்க அந்தச் சட்டத்தில், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில், இடமில்லை என்றீர்கள். படிவம் இன்னும் வரவில்லை என்றார். கடிதமே போதும் என்றீர்கள். வைத்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொன்னபோது, "ஒரு பை சீமெந்துக்கும் நான் சிட்டை குடுக்கிறனான் தம்பி, என்ர கடிதத்துக்கு நீங்கள் ஒரு துண்டு தாங்கோ" என்று சொல்லிவிட்டு வாங்கில் அமர்ந்துகொண்டீர்கள். யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள்; நீங்கள் அசையவில்லை. கடைசியில் முத்திரை குத்திய துண்டு கிடைத்தது. நான் அதைப் பார்க்கவில்லை. முற்றத்தின் மறுபுறம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியைத்தான் பார்த்தேன். அப்போது அவன் அந்தச் சபையில் தற்காலிகத் தொழிலாளி.

அவனுக்கு நிரந்தர நியமனம் கிடைக்காமல் போனதற்கும் அந்தக் கடிதத்திற்கும் தொடர்பிருக்கிறதென்று எவராலும் நிறுவமுடியாது. நானும் இங்கே அதற்கு முயலவில்லை. அவன் இன்று கட்டாரில் இருக்கிறான். ஆனால், முதலாளி, அவன் என்ன ஆனான் என்று நீங்கள் ஒரு தடவையாவது என்னிடம் கேட்டிருக்கலாம். மேன்முறையீடு செய்து பெற்ற பதிலைக் கடைச் சுவரில் ஒட்டினீர்கள். அதன் பிறகு சபையிலிருந்து நம் கடைக்குப் பொருள் வாங்கும் கட்டளை ஒன்றும் வரவில்லை, எங்கள் சம்பளம் பிந்தியது. நேர்மைக்கு விலை கொடுத்தவர் நீங்கள் என்று விழாவில் சொல்வார்கள். அந்த விலையில் எங்கள் பங்கும் இருந்தது.

இருந்தும் உங்களை வெறுக்க முடிவதில்லை. இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை இலட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வந்துகொண்டிருந்த காலத்தில், ஆண்துணையில்லாத பெண்கள் அடுத்த கட்டக் காசு வருமுன்னர் கடனுக்குச் சீமெந்து கேட்டு வந்து நிற்பார்கள். கடனுக்கு ஒரு விலை, கைக்காசுக்கு ஒரு விலை என்று விற்பது அன்று வழக்கமாயிருந்தது. நீங்களோ சீமெந்து, கம்பி, ஓடு எல்லாவற்றின் விலையையும், உழவு இயந்திரக் கூலி உட்பட, வாசல் பலகையில் வெண்கட்டியால் எழுதிவைத்து, எல்லோருக்கும் அந்த ஒரே விலையில் கொடுத்தீர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிமாருக்கு நீங்களே எழும்பி வந்து வாசித்துக் காட்டினீர்கள். அரசாங்கத்திடம் கேட்டதைக் கடையில் முதலில் செய்துவிட்டுத்தான் கேட்டீர்கள். மேடையில் பேசப்போகிறவர்களுக்கு இந்தப் பலகை நினைவிருக்குமோ தெரியாது.

14 வேலை நாட்களுக்குள் சபை எனக்குப் பதில் தரவேண்டும். தராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பதிலில்லையென்றால் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு. திறப்பு விழா அதற்குள் நடந்துவிடலாம், நடக்கட்டும். கணக்குக் கையில் கிடைத்ததும், அது சரியாயிருந்தாலும் பிழையாயிருந்தாலும், தரிப்பிடத்தின் உட்சுவரில் ஒட்டச் சொல்லிக் கேட்பேன். அவர்கள் மறுத்தால் கடைச் சுவரில் ஒட்டுவதற்கு உங்கள் மகனிடம் அனுமதி கேட்கவேண்டியிருக்கும்; இதை வாசித்த பிறகு அவரே தம் பதிலை எனக்குச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கடையில் கணக்கெழுதிய பிள்ளை