ஸ்கேன் சீட்டும் கமிஷனும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள், திருப்பூரில் நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருப்பவர்கள், ஈரோட்டில் மஞ்சள் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோருக்கும் இடுப்பு வலி தொழிலோடு வருவது. அந்த வலியோடு மருத்துவரிடம் போனால் முதல் நாளே எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. ஒரு வாரக் கூலி அதிலேயே கரைந்துவிடுகிறது.

வலி வந்து ஆறு வாரம் ஆகவில்லை, அபாய அறிகுறி எதுவும் இல்லை என்றால் ஸ்கேன் வேண்டாம் என்பதே மருத்துவ வழிகாட்டு நெறி. படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடினால் பெரும்பாலோருக்கு அதற்குள் வலி தணிந்துவிடும். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பாதத்தைத் தூக்க முடியாமை, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், பழைய புற்றுநோய், விழுந்து அடிபட்டது ஆகியவற்றில் எது இருந்தாலும் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது.

தேவையில்லாத ஸ்கேனால் பணம் மட்டும் போவதில்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கும் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள மெத்தை போன்ற டிஸ்க் கொஞ்சம் பிதுங்குவது) இருந்தது. நரை போல அது வயதோடு வருவது. அதுவே ரிப்போர்ட்டில், இடுப்புப் பக்க முதுகெலும்பின் இடத்தைக் குறித்து ‘எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று அச்சாகி வந்தால், நல்லபடியாக நடக்கிற மனுசனும் தறிக்குப் போகப் பயப்படுகிறார். அடுத்து ஊசி, அதற்கடுத்து ஆபரேஷன் என்று பேச்சு நீள்கிறது.

இப்படிச் சீட்டு எழுதப்படுவதற்குக் கமிஷன் ஒரு முக்கியக் காரணம். ஸ்கேன் சென்டரே அச்சடித்துக் கொடுத்த பேடில் மருத்துவர் ‘டிக்’ அடிக்கிறார். பில்லில் அனுப்பியவர் பெயர் ஏறுகிறது. மாதக் கடைசியில் அதை வைத்துக் கணக்குப் பார்த்துப் பணம் கைமாறுகிறது. யார் பெயரும் சொல்லாமல் நேரே போனால் சில சென்டர்களில் கட்டணம் குறைகிறதே, அந்த வித்தியாசம் பெரும்பாலும் கமிஷனுக்கென்று ஒதுக்கியதுதான். கை நீட்டாத மருத்துவர்கள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நியாயமாக எழுதும் சீட்டுக்கும் நோயாளி அதே ஏற்றிய விலையைத்தான் கொடுக்கிறார்.

நோயாளியை அனுப்புவதற்கோ, பரிசோதனைக்கு எழுதுவதற்கோ மருத்துவர் கமிஷன் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதி (6.4) தெளிவாகச் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால் இன்றும் அதுவே நடைமுறை. ஆனால் அந்த விதி மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், பணம் கொடுக்கிற சென்டரைத் தொடாது. மருந்து, மருத்துவக் கருவி கம்பெனிகளுக்கு 2024-ல் வந்த நடத்தை நெறியிலும் ஸ்கேன் சென்டர்கள் வராது. ரொக்கமாகக் கைமாறுவதை நோயாளி எப்படி நிரூபிப்பார்? தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம் என்றால், கையில் ஆதாரம் வேண்டுமே.

சீட்டு வாங்கும்போது, “இந்த ரிசல்ட்டப் பாத்து வைத்தியம் ஏதாச்சும் மாறுமுங்களா?” என்று கேளுங்கள். மாறாது என்றால் ஸ்கேன் காத்திருக்கலாம். எந்தச் சென்டரில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். பெருந்துறை, கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எம்.ஆர்.ஐ. உண்டு. ஃபிலிம், சி.டி., ரிப்போர்ட் மூன்றையும் வாங்கி வையுங்கள். ‘இது தெளிவில்லை, நம்ம சென்டர்லயே எடுங்க’ என்று யாராவது சொன்னால், எது தெளிவில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதியில் இருக்கிறது.

ஸ்கேன் சென்டர்களும் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு செய்தே நடத்தப்படுகின்றன. பரிந்துரைக்குப் பணம் தருவதில்லை என்ற உறுதிமொழியையும், கணக்குப் புத்தகத்தை ஆய்வுக்குக் காட்டும் கடமையையும் அந்தப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். மீறினால் பதிவு ரத்தாக வேண்டும். கட்டணப் பலகையைத் தமிழில் வாசலில் வைக்கச் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்கள் இதற்கான முன்மொழிவை அரசுக்கு உடனே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், ஈரோடு