பிளாக்கையும் கொடுத்தனுப்புங்கள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அறுவை செய்யும் மருத்துவர்களுக்கும் லேப் நடத்துபவர்களுக்கும் வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். போன வருடம் எங்கள் சின்னம்மாவின் குதிகாலில் கருப்பாக ஒரு புண் ஆறாமலே கிடந்தது. தோப்பில் முள் குத்தியதாக்கும் என்று ஆறு மாதம் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். பிறகு பயாப்சி எடுத்தோம். 'மெலனோமாவாக இருக்கலாம், ஐஹெச்சி செய்து பார்க்கவும்' என்று ரிப்போர்ட் வந்தது. மெலனோமா என்பது ஒரு வகைத் தோல் புற்று; ஐஹெச்சி அதை உறுதிப்படுத்தும் ஒரு சோதனை. அதைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் போனால் முதல் கேள்வியே, "பிளாக் எங்கே?"

அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். திரும்பி வந்து லேபில் கேட்டால், "அதெல்லாம் வெளியே கொடுப்பதில்லை." கெஞ்சிக் கூத்தாடி வாங்குவதற்குள் பதினொரு நாள் போய்விட்டது.

உங்களுக்குத் தெரியாததில்லை, கூட வாசிக்கும் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வெட்டிய சதையை மெழுகில் பதித்து வைப்பதுதான் பிளாக். அதை 3, 4 மைக்ரான் கனத்தில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயமேற்றுவார்கள். வழக்கமான ஊதா, ரோஸ் சாயத்தில் சில கட்டிகளைப் பிரித்தறிய முடியாது. அப்போது, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடி வைத்து, எங்கே நிறம் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான் ஐஹெச்சி. எஸ்-100, சாக்ஸ்-10 என்ற சோதனைகள் இரண்டும் மெலனோமாவில் பிடிக்கும். ஆனால் நரம்புக் கட்டியிலும் பிடிக்கும். அதனால் மெலன்-ஏ, ஹெச்எம்பி-45 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மற்றத் தோல் புற்றுகளிலும் இப்படித்தான்: பேசல் செல் புற்றில் பெர்-ஈபி4 பிடிக்கும், ஸ்குவாமஸ் புற்றில் பொதுவாகப் பிடிக்காது. மெர்க்கெல் செல் புற்றில் சிகே-20 செல்லின் கருவை ஒட்டிப் புள்ளியாக விழும். பெயர் மாறினால் வைத்தியமும் மாறும்.

சின்னம்மா விஷயத்தில் இன்னொரு சிக்கல். கட்டியிலேயே மெலனின் என்ற தோல் நிறமி பழுப்பாக அப்பிக் கிடந்தது. ஐஹெச்சியில் வழக்கமாக வரும் நிறமும் பழுப்புதான். எது கறை, எது சாயம் என்று தெரியாமல் சிவப்பு நிறம் தரும் சாயத்தில் மறுபடி செய்தார்கள். அதற்குப் புதிதாகச் சீவ வேண்டியிருந்தது. பிளாக் இல்லாமல் ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சீவுவது? முடிவில் மெலனோமாதான்.

இங்கே பாதிப் பேர் வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் திருச்சூருக்கு. யார் எங்கே போனாலும் ரிப்போர்ட்டோடு பிளாக்கும் ஸ்லைடும் போகட்டும், ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை செய்பவர்களிடம் ஒன்று: சதையை உப்புத் தண்ணீரில் போட்டு அனுப்பாதீர்கள். சதை கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள், அதுவும் சதையைப்போல் பத்து மடங்கு.

பிளாக் தொலைந்துவிடும் என்று பயமா, சரி, சாயமேற்றாத ஸ்லைடுகளாவது பத்துப் பதினைந்து சீவிக் கொடுங்கள். ஒட்டும் பூச்சுள்ள ஸ்லைடாக இருக்கட்டும்; சாதா ஸ்லைடில் சதை கழன்று போய்விடுமாம்.