சவாரிக்குள் இருக்கும் குதிரை

திருப்பரங்குன்றம்,
மதுரை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீ குதிரையேற்றம் பழகத் தொடங்கியதையும், உன்னுடன் பழகும் ஈரானியப் பெண் 'சவாரி' என்ற சொல்லைக் கேட்டதும் "அது எங்கள் மொழிச் சொல்லாயிற்றே" என்று உரிமை கொண்டாடியதையும் படித்தேன். அவள் சொன்னது சரிதான்.

பழம்பாரசீகத்தில் குதிரைவீரனுக்கு 'அசபார' என்று பெயர். கி.மு. 522 முதல் 486 வரை ஆண்ட முதலாம் தாரியசு மன்னன், நக்ஷி ருஸ்தம் என்னும் இடத்தில் உள்ள தன் கல்லறைக் கல்வெட்டில், தான் ஒரு நல்ல 'அசபார' என்று தன்னைத்தானே மெச்சிக்கொள்கிறான். 'அச' என்பது குதிரை. நம் புராணங்களில் வரும் அசுவத்துக்கு உறவு. 'பார' என்பது சுமத்தலைக் குறிக்கும் பகுதி. வடமொழி வழியாக நமக்கு வந்த 'பாரம்' அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆக, குதிரையால் சுமக்கப்படுபவன் என்பதே பொருள். காலப்போக்கில் பகரம் வகரமாகி, முன்னால் நின்ற அகரமும் உதிர்ந்து, 'சவார்' என்று ஏறுபவனுக்கும் 'சவாரி' என்று ஏறிச் செல்லும் செயலுக்கும் பெயராயிற்று. ஆர்க்காட்டு நவாப்புகளின் அலுவல்மொழி பாரசீகமாக இருந்ததை நீ பள்ளியில் படித்திருப்பாய். சிப்பாய், ஜமேதார், சுபேதார் என்று அம்மொழியிலிருந்து படையோடு தொடர்புடைய சொற்கள் எத்தனையோ தமிழில் கலந்திருக்கின்றன. சவாரியும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

'குதிரைச் சவாரி' என்று சொல்லும்போது குதிரையை இருமுறை சொல்கிறோம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் இதற்காக நம்மை மட்டும் குறை சொல்ல முடியாது. பாரசீகரும் உள்ளே இருக்கும் குதிரையை மறந்து 'அஸ்ப் சவாரி' என்றே சொல்கிறார்கள், 'அஸ்ப்' என்றாலும் குதிரைதான். உன் தாத்தா மதுரை இரயில் நிலைய வாசலில் ஜட்கா ஓட்டிய காலத்தில், மூட்டை முடிச்சோடு படியிறங்குகிற ஆள்தான் அவருக்குச் சவாரி. இன்று மாட்டுத்தாவணியில் ஆட்டோக்காரர் "காலையிலிருந்து சவாரியே இல்லை" என்று அலுத்துக்கொள்ளும்போது, அந்தச் சொல்லில் ஏறுபவனும் இல்லை, குதிரையும் இல்லை, வாடகைக்கு ஆள் கிடைப்பது மட்டுமே இருக்கிறது. ஈரானிலும் பலர் சேர்ந்து ஏறிச் செல்லும் வாடகைக் காருக்குச் 'சவாரி' என்றே பெயராம். உன் தோழியிடம் கேட்டுப் பார்.

இதற்கு முன் தமிழில் என்ன சொன்னார்கள் என்று நீ அடுத்துக் கேட்பாய். 'ஊர்தல்' என்பதே பழைய சொல். பல்லக்கில் அமர்ந்து செல்பவனை வள்ளுவர் 'ஊர்ந்தான்' என்கிறார். பனங்கருக்கால் செய்த குதிரையில் காதலன் ஏறி வருவது மடலூர்தல். இன்று எறும்பும் பாம்பும் மட்டுமே ஊர்கின்றன. 'ஊர்தி' மட்டும் அவசர ஊர்தியாக, அலங்கார ஊர்தியாகப் பிழைத்துக் கிடக்கிறது. பாரசீகச் சொல்லில் ஏறுபவன் சுமக்கப்படுகிறவன், தமிழ்ச் சொல்லிலோ அவனே செல்கிறவன். இரண்டில் எனக்குப் பாரசீகத்தின் பார்வைதான் நேர்மையாகப் படுகிறது. உழைப்பு குதிரையுடையது அல்லவா!

குதிரைக்கான பழைய பெயர்கள் இங்கே கோயிலை ஒட்டித்தான் உயிரோடிருக்கின்றன. சுற்றுவட்டக் கிராமங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து சுமந்து செல்வதை இன்றும் 'புரவி எடுப்பு' என்கிறார்கள். குதிரை எடுப்பு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆவணி மூலத்தில் நரி பரியான திருவிளையாடலிலும் 'பரி'தான்.

'குதிரையேற்றம்' என்றே சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்தாய். பழகும் கலைக்கு அது பொருத்தமான பெயர். வெளியே சும்மா ஒரு சுற்று போய் வந்தால் தயங்காமல் சவாரி என்று சொல். இருநூறு ஆண்டுக்கு மேல் நம்மோடு புழங்கிய சொல்லை வேற்றாளாக நடத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. கால் வைக்கும் வளையத்துக்கு 'அங்கவடி' என்று பெயர். அதில் முன்பாதத்தை மட்டும் வை. முழுக்க நுழைத்தால் விழும்போது கால் சிக்கிக்கொள்ளும். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதே.

அன்புடன்,
அம்மா