அடிபம்பு வைத்தால் ஆறு சரியாகிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் தொழில் நடத்தும் இந்தியக் கம்பெனிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "சமூகப் பொறுப்பு நிதியால் அந்த மக்களின் வாழ்வு மலர்ந்திருக்கிறது" என்று ஒரு வரி. முப்பது வருட வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், படித்ததும் மனசு ஆறவில்லை.

ஜாம்பியாவின் என்டோலாவில் ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினேன். பெயர் வேண்டாம். ஊர் நலனுக்கென்று கம்பெனி செய்யும் அந்தச் சமூகப் பொறுப்புச் செலவுக்கெல்லாம் வவுச்சர் போட்டது இந்தக் கைதான். ஒரு கிராமத்தில் போர் போட்டு அடிபம்பு வைத்தோம். திறப்பு விழாவின் பந்தல், போட்டோ, கம்பெனி பெயர் போட்ட பனியன் செலவு, பம்பின் விலையைத் தாண்டியது. நாலாம் மாதம் பம்பு நின்றது. ஊர்ப் பெரியவர் தேய்ந்த வாஷரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மூன்று தடவை நடந்தே வந்தார். "அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்று மேலதிகாரிகள் சொன்னதை அவரிடம் சொன்னவன் நான். ஆண்டறிக்கையின் அட்டையில் அந்தப் பம்பின் படம்தான் வந்தது.

அதே ஜாம்பியாவின் சிங்கோலா வழக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. சுரங்கக் குழுமமான வேதாந்தாவின் துணை நிறுவனமான கொங்கோலா தாமிரச் சுரங்கத்தின் கழிவால் ஆறும் நிலமும் கெட்டுப்போயின என்று 1,826 பேர் லண்டனில் வழக்குப் போட்டார்கள். தாய் நிறுவனத்தையும் அங்கேயே விசாரிக்கலாம் என்று 2019 ஏப்ரலில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துணை நிறுவனங்களின் சுற்றுச்சூழல் விஷயத்துக்குத் தானே பொறுப்பு என்று வேதாந்தா தன் அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்ததையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் தவறை ஒப்புக்கொள்ளாமலே சமரசம் பேசி முடித்தார்கள். அதே குழுமத்தின் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தில், 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு 13 பேரைக் கொடுத்தவர்கள் நாம். அப்போது நான் எழுதிய கடிதத்தையும் நீங்கள் போடவில்லை.

நற்பணி எத்தனை செய்தாலும், மனித உரிமையை மதிக்கத் தவறியதற்கு அது ஈடாகாது என்று 2011-லேயே ஐ.நா.வின் வழிகாட்டு நெறிகள் சொல்லிவிட்டன. உங்கள் கட்டுரையாளர் அதைத் தொடவே இல்லை. ஊர்க்காரர் ஒருவரிடமாவது பேசியதற்கும் அடையாளமில்லை.

கட்டுரையோடு வந்த, புத்தகப் பையோடு குழந்தைகள் நிற்கும் படத்துக்குக் கீழே ஊர்ப் பெயர்கூட இல்லை. அது எந்த ஊர், படம் கம்பெனி கொடுத்ததா, உங்கள் நிருபர் எடுத்ததா என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
காரைக்குடி