ஹைடெக் ஆய்வகத்தில் அறிவியலுக்கும் இடம் வேண்டும்

ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். ஹைடெக் ஆய்வகக் கணினிகளைத் தேர்வுக்கும் காணொளிக்கும் மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது என்று கேட்கவே இக்கடிதம்.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நூலும் குண்டும் ஒரு நிறுத்துக்கடிகாரமும் போதும். ஒவ்வொரு குழுவும் ஒரு நீளத்துக்கு 10 அலைவுகளின் (ஒரு முறை போய்த் திரும்புவது ஓர் அலைவு) நேரத்தை அளந்து, ஆய்வகக் கணினியில் வகுப்புக்கே பொதுவான ஒரு கூகுள் ஷீட்டில், அதாவது எல்லோரும் பார்க்கும் இணைய அட்டவணையில், பதிகிறது. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே வரைந்தால் புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும். என் வகுப்பில் 1 மீட்டர் ஊசலின் புள்ளி மட்டும் கோட்டுக்குக் கீழே கிடந்தது. 10 அலைவுகளுக்கு ஏறத்தாழ 20 விநாடி வர வேண்டிய இடத்தில் 18. நான் வாய் திறக்கவில்லை. பக்கத்துக் குழு மாணவிதான் கண்டுபிடித்தாள்: குண்டை விடும்போதே ‘ஒன்று’ என எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள், அளந்தது 9 அலைவுகளைத்தான். தனித்தனி நோட்டில் இருந்திருந்தால் அந்த 18 யார் கண்ணிலும் பட்டிருக்காது.

எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள் என்பதும் ஷீட்டின் பதிவில் இருக்கும். விடைக்கு ஏற்றபடி அளவீட்டைத் திருத்தும் பழக்கம் குறைவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாரம் ஒரு பாடவேளையாவது ஆய்வகத்தை அறிவியலுக்குத் தரக் கல்வித் துறை வழிசெய்ய வேண்டும். வீட்டில் செல்பேசி இல்லாத பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. இதை வீட்டுப்பாடமாக்கினால் அவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள்.

அறிவியல் ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்