மீனைத் தண்ணீரிலேயே வை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆபீஸ் ஆட்களோடு கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுக்கு ஸ்டர்ஜன் மீன் பிடிக்கப் போவதாகப் போனில் சொன்னாய். உன் அம்மாவுக்கு ஒரே கவலை, ஆறு, குளிர், படகு என்று. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் "மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறேன்பா" என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. போனில் பாதி காதில் விழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டர்ஜனை நான் நேரில் பார்த்ததில்லை. நீ அனுப்பிய வீடியோவில் பார்த்ததுதான்: தலைக்கு அடியில் வாய், அதற்கு முன்னால் நாலு மீசை, உடம்பு நெடுக எலும்புத் தகடு வரிசை. நூறு வருஷம்கூட வாழும் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெரிய மீன் நம் காவிரி மஹ்சீர். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் நான் கர்நாடகத்துப் பீமேஸ்வரிப் பக்கம் தூண்டில் முகாமில் பரிசல் போட்டேன் இல்லையா, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் அத்தனை தூரம் வந்தது இந்த ஒரு மீனுக்காகத்தான். 1946-ல் கபினியில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. தூண்டிலில் வந்த மஹ்சீரில் மிகப் பெரியவற்றில் அதுவும் ஒன்று என்கிறார்கள்.

அதன் வாயில் பல்லே கிடையாது. பல் எல்லாம் தொண்டைக்குள் இருக்கிறது. நண்டு, நத்தை எதுவானாலும் அங்கே போட்டு நொறுக்கிவிடும். தடிமனான தூண்டில் முள்ளையே நசுக்கித் துப்பியதை நான் பார்த்திருக்கிறேன். இரைக்கு நாங்கள் போட்டது கேழ்வரகு மாவு. கெட்டியாகப் பிசைந்து, வேகவைத்து, திரும்பவும் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி முள்ளை மூடிவிடுவோம். வேக்காடு சரியில்லை என்றால் சில்லறை மீன் எல்லாம் கொத்தியே கரைத்துவிடும். பாறைக்கு மேலே தண்ணீர் பாய்ந்து மடுவில் இறங்குகிற இடத்தில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடித்தால் மீன் ஆற்றோட்டத்தோடு ஒரே ஓட்டமாக ஓடும். பாறை இடுக்கில் நுழைந்துவிட்டால் தங்கூஸ் நரம்பு அறுந்தது. அதனால் தூண்டில்காரரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு மீன் போகிற போக்கிலேயே நாங்களும் போவோம்.

இதையெல்லாம் சொன்னால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் முகாமில் எங்களுக்கு உண்மையான வேலை இதற்கு அப்புறம்தான். பெரிய மீனைக் கரை சேர்ப்பது தூண்டில்காரர் பாடு. அதை உயிரோடு ஆற்றில் விடுவது பரிசல்காரன் பாடு.

அரை மணி நேரம் இழுத்துப் போராடிய மீன் உள்ளுக்குள் ஓய்ந்துபோயிருக்கும். தண்ணீரை விட்டு எடுத்தால் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மூச்சு கிடையாது. தண்ணீரில் மிதந்தே பழகிய உடம்பு, அத்தனை எடையையும் நம் கை இரண்டு இடத்தில் மட்டும் தாங்கினால் உள்ளே எது நசுங்கும் என்று யாருக்குத் தெரியும்? பார்க்கக் காயம் எதுவும் இருக்காது. நீந்திப் போய்விட்டது என்று கை தட்டுவோம், மறுநாள் கீழே எங்காவது வயிறு மேலாக மிதக்கும். அதனால் நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் வாலுக்கு முன்னால் பிடித்து, இன்னொரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிற்பேன். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. ஓடுகிற தண்ணீர் வாய் வழியாகப் போய்ச் செவுள் வழியாக வந்தால் போதும். முதலில் மீன் ஒரு பக்கமாகச் சாயும். செவுள் மூடி வேகவேகமாக அடித்துக்கொள்ளும். அப்புறம் அந்த அடிப்பு நிதானமாகும், முதுகு நேராகும், கையில் இருக்கிற வாலுக்குள் ஒரு முறுக்கு வரும். அதற்கு முன்னால் விடாதே. அது தானாக உதறிக்கொண்டு போக வேண்டும்.

கோலும் நரம்பும் கனமானதாகவே இருக்கட்டும். மெல்லிய நரம்பில் பெரிய மீனை மணிக்கணக்கில் விளையாட்டுக் காட்டுவது வீரம் என்று பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதே. சீக்கிரம் கரைக்கு வந்த மீன்தான் பிழைக்கும். வெயில் காலத்தில் தண்ணீர் சூடாக இருந்தால் இது இன்னும் முக்கியம். போட்டோ வேண்டுமானால் நீ தண்ணீரில் இறங்கு, மீன் மேலே வர வேண்டாம். குளிருக்கு உடம்பு நனையாமல் போட்டுக்கொள்ள உடுப்பு தருவார்களாமே, கேட்டு வாங்கிக்கொள்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். எங்கள் முகாமில் ஒரு நோட்டு இருந்தது. பிடித்த ஒவ்வொரு மீனும் எவ்வளவு எடை, எந்த வகை, எத்தனை மணி நேரத் தூண்டில் என்று அதில் ஏறும். எங்களில் பலருக்கு அது கணக்குப்பிள்ளை வேலையாகத்தான் பட்டது. பிறகு இங்கிலாந்து, கேரள ஆராய்ச்சியாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான அந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 6,000 மீன்களுக்கு மேல். அதில் ஆரஞ்சுச் செட்டை உள்ள கூன்முதுகு மஹ்சீர், அதாவது காவிரிக்கே சொந்தமான மீன், எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் பிடிபட்டவற்றின் எடை கூடிக்கொண்டே போயிருக்கிறது. நாங்கள் என்ன நினைத்தோம்? மீன் பெருக்கிறது, ஆறு நன்றாக இருக்கிறது என்று. உள்ளபடி குஞ்சு வரவில்லை. இருந்த கிழட்டு மீன்களே இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கின்றன.

அதே காலத்தில் நீலச் செட்டை மஹ்சீர் பெருகிவிட்டது. அது கிருஷ்ணா பக்கத்து மீன். மகாராஷ்டிரத்து லோனாவாலாவில் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எந்த மீன் எந்த ஆற்றுக்குச் சொந்தம் என்று பார்த்திருக்க வேண்டும். நம் மீனுக்கு அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று உறுதியானதே 2018-ல்தான். அதே வருஷம் அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. இன்று அது ஓரளவு மிஞ்சியிருப்பது நம் மோயாற்றில் என்கிறார்கள். அணை, மணல் அள்ளுவது, வெடித் தோட்டா போட்டு மீன் பிடிப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கதி. முகாமில் ஆள் நடமாட்டம் இருந்தவரை தோட்டாக்காரன் அந்த மடுப் பக்கம் வரத் தயங்கினான். முகாம் இருந்த வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று நிறுத்திய பிறகு காவலுக்கும் ஆள் குறைந்தது. இரண்டையும் ஒன்றாக யோசித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஃப்ரேசரில் முக்கிய ஓட்டத்தை மறித்து ஒரு அணைகூட இல்லை என்று படித்தேன், பாப்பா. அத்தனை பெரிய ஆறு, கடல்வரை மறிப்பே இல்லாமல்! மேட்டூரையும் கிருஷ்ணராஜ சாகரையும் பார்த்துப் பழகிய எனக்கு நம்பவே கொஞ்ச நேரம் ஆனது. அங்கே பிடிக்கிற ஸ்டர்ஜன் எல்லாவற்றையும் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம் என்றும் நீ சொன்னாய். நல்ல சட்டம். மீனின் தோலுக்குள் அரிசி மாதிரி ஒரு சின்ன சிப் வைத்திருப்பார்களாம், படகுக்காரர் கருவியைக் காட்டினால் நம்பர் வருமாம். நம்பர் வந்தால், அந்த மீன் முன்பு எப்போது, எங்கே, எந்த அளவில் பிடிபட்டது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். நம்பர் வராவிட்டால் புதிதாகச் சிப் வைக்கச் சொல்லிக் கேள், அதற்குப் பழகியவர்கள் அங்கே உண்டாம். உன் கூட வருகிறவர்கள் போட்டோவுக்கு அவசரப்படுவார்கள், அளவு எடுக்கிற வரை அவர்களை நிறுத்தி வைப்பது உன் பொறுப்பு.

நீளம் அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை நாடாவை வை. சுற்றளவை முன் செட்டைக்குப் பின்னால் எடு. தேதி, இடம், மணி மூன்றையும் எழுதிக்கொள். எடையை ஊகித்துச் சொல்லாதே, அளந்ததை மட்டும் எனக்கு அனுப்பு.

அம்மா கையுறை மறக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னாள். மீனைத் தொடும்போது மட்டும் அதைக் கழற்றி, கையை நன்றாக நனைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா