கண் தாவும் கணக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. படித்த வரிக்கே கண் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். நன்றாகப் படிக்கப் பழகியவர்களுக்கும் கண்ணின் பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னால்தான் போகும், தெரியுமா?

ஓய்வு பெற்ற பிறகு எதற்கு மறுபடி ஆராய்ச்சி, அதுவும் வாசிப்புக்கும் வகைக்கெழுச் சமன்பாட்டுக்கும் (ஒரு அளவு மாறும் வேகத்தைச் சொல்லும் சமன்பாடு) மெஷின் லேர்னிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்குப் பதில், சும்மா இருக்க முடியவில்லை. இரண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் கால் விநாடி போல நிற்கிறது, சட்டென்று தாவுகிறது, மறுபடி நிற்கிறது. நிற்கும்போதும் பார்வை இரு பக்கமும் சமமாக விரிவதில்லை. ஆங்கிலம் படிப்பவருக்கு இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும் வரை பயன்படுகிறது. ஹீப்ரு படிப்பவருக்குப் பக்கம் மாறிவிடுகிறது. ஆக இது கண்ணின் அமைப்பால் வருவதல்ல, கவனத்தின் வேலை.

இங்கேதான் உன் பாடமான வகைக்கெழுச் சமன்பாடு நுழைகிறது. எங்பர்ட், கிளீகல் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 2005இல் விரிவாக வெளியிட்ட ஸ்விஃப்ட் என்ற மாதிரியில் (வாசிக்கும் கண்ணின் ஓட்டத்தைச் சமன்பாடுகளால் போலச்செய்வது), ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு செயலூக்க அளவு உண்டு. சொல் பார்வைக்குள் வந்ததும் அது ஏறும், சொல் பிடிபடப் பிடிபட இறங்கிப் பூஜ்யமாகும். கண் நிற்கும் இடத்திலிருந்து சொல் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதைப் பொறுத்தது ஏறும் வேகம். எப்போது தாவுவது என்பதைப் பெரும்பாலும் ஒரு தற்செயல் கடிகாரம் முடிவு செய்யும். எங்கே தாவுவது என்பது சொற்களுக்கு இடையிலான போட்டி. பல சொற்கள் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால், சிறு சொல்லைத் தாண்டிப் போவதும் பின்னால் திரும்புவதும் தனித்தனி விதி எழுதாமலே வந்துவிடுகின்றன. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். (ஏற்காதவர்களும் உண்டு. 1998இல் வந்த ஈ-இசட் ரீடர் மாதிரியில் கவனம் ஒரு நேரத்தில் ஒரு சொல்லுக்குத்தான்.)

சரி, மெஷின் லேர்னிங் எதற்கு? தூரத்தைப் பொறுத்து அந்த ஏறும் வேகம் எப்படி மாறும் என்பதற்கான சூத்திரத்தின் வடிவத்தை ஆய்வாளர்கள் தாங்களாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஓரிடத்தில் மட்டும் தரவைப் பார்த்து வடிவத்தைத் தானே கற்றுக்கொள்ளும் ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க்கை வைத்து, மீதிச் சமன்பாட்டை அப்படியே விட்டுப் பார்க்கிறோம். தொல்லை என்னவென்றால், தாவல் தொடர்ச்சி அறுந்த நிகழ்வு, அதோடு தற்செயலானது. நெட்வொர்க்கைப் பழக்க, தீர்வின் வழியே வகைக்கெழுவைப் பின்னோக்கிக் கொண்டுபோகும் வழக்கமான முறை அங்கே தடுக்கி விழுகிறது. அதனால் வாசகர் உண்மையில் தாவிய வரிசையை எடுத்துக்கொள்கிறோம். இதுவரை நடந்தது இது என்றால், அடுத்து கண் இந்தச் சொல்லில் நிற்க மாதிரி தரும் நிகழ்தகவு என்ன? ஒவ்வொரு தாவலுக்கும் இதைக் கணக்கிட்டு மடக்கைகளைக் (log) கூட்டுகிறோம்; கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதோ, பொருத்தம் அவ்வளவு நல்லது. கண்ணின் இடம் தரவிலேயே இருப்பதால், இரண்டு தாவலுக்கு நடுவில் சமன்பாடு சாதுவாக ஓடுகிறது.

நெட்வொர்க்கைக் கொஞ்சம் பெரிதாக்கினால் வேறு வம்பு. எல்லா வேலையையும் அதுவே இழுத்துப் போட்டுக்கொள்ளும். பொருத்தம் அழகாக வரும், அளவுருக்களுக்கு, அதாவது சமன்பாட்டில் நாம் பொருத்தும் எண்களுக்கு, அர்த்தம் இருக்காது. கணிப்பு சரியாக வந்தால் போதாதா என்கிறார்கள் குழுவில் உள்ள இளைஞர்கள். எனக்குப் போதாது. அடுத்த சொல்லை ஊகிக்கப் பழக்கப்பட்ட பெரிய மொழி மாதிரிகளையே (செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) பார். ஒரு சொல் எவ்வளவு எதிர்பாராததோ, கண் அதில் அவ்வளவு கூடுதல் நேரம் செலவிடும். ஆனால் 2023இல் ஓ, ஷுலர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் காட்டியபடி, மாதிரி பெரிதாகி அடுத்த சொல்லை நன்றாக ஊகிக்க ஊகிக்க, மனித வாசிப்பு நேரத்தோடு அதன் பொருத்தம் குறைகிறது. நாம் தயங்கி நிற்கும் அரிய பெயர்களில் அது தயங்குவதில்லை, அவ்வளவு படித்துவைத்திருக்கிறது!

அப்புறம், உன்னிடம் ஒரு காரியம். ஒரே வாசகரின் தரவிலிருந்து பார்வையின் வீச்சையும் கடிகாரத்தின் சராசரியையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா, அல்லது ஒன்று கூடினால் மற்றது ஈடுகட்டி நம்மை ஏமாற்றிவிடுமா? சமன்பாடுகளைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு இணைத்திருக்கிறேன். மருத்துவர் அனுமதித்த பிறகு பார்த்தால் போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்